இருநூற்றுப் பன்னிரண்டாம் வீடு

மாவு கரைத்து வைத்து இருபத்தாறு மணி நேரம் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. பொங்கவில்லை.

மயிலாத்தாள் கரண்டியை அண்டாவுக்குள் விட்டுத் தூக்கிக் காட்டினார். மாவு சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒழுகியது. ஒரு குமிழி இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்வது என் வேலைப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் இந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்க மாட்டேன்.

"வெய்யக் காலமுங்க அம்மணி," என்றார். "இந்தச் சூட்டுக்கு ஆறு மணி நேரத்துல மூடியத் தள்ளீட்டு வெளிய வரோணும். பாருங்க, பொணமாட்டக் கெடக்குது."

"ம்," என்றேன்.

"மூணு கிரைண்டரு. பதினெட்டு வருசம். உளுந்து மாத்திப் பாத்தனுங்க. தண்ணி மாத்திப் பாத்தேன். கையக்கூட மாத்திப் பாத்தேன், எங்க வீட்டுக்காரர உட்டுக் கரைக்கச் சொல்லி."

"ம்."

"நீங்க ஏனுங்க பேசவே மாட்டேங்கறீங்க? கேசு தோத்துருமா?"

அவர் பயந்துவிட்டார். என் மௌனத்துக்குப் பலரும் பல அர்த்தம் கண்டிருக்கிறார்கள். மாமா ஒருவர் திமிர் என்றார். கல்லூரித் தோழி ஒருத்தி ஆழம் என்றாள். உண்மையில், சொல்ல வேண்டிய வாக்கியத்தை நான் மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்ப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும். அவ்வளவுதான்.

நான் சந்தை நடுவத்தின் கோவைக் கிளையில் தொழில்நுட்ப உதவியாளர். படித்தது நுண்ணுயிரியல். சந்தையில் பெரிய நிறுவனங்கள் சின்னவர்களை நசுக்குகின்றனவா என்று விசாரிக்கும் அலுவலகத்தில் நுண்ணுயிருக்கு என்ன வேலை என்று நேர்காணலில் நானே கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது ஒத்திகையில் இருந்தபோது வேலை கிடைத்துவிட்டது.

மயிலாத்தாள் கணபதிப் பகுதியில் மாவுக் கடை வைத்திருந்தார். பொங்கு நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்தவர் அவர்தான்.

பொங்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பாக்கெட்டில் இட்லி மாவு விற்கும் நிறுவனம். அவர்கள் ஆய்வகத்தில் ஒரு நுண்ணுயிரை வடிவமைத்து மாவில் சேர்த்தார்கள். மழையோ பனியோ, நான்கு மணி நேரத்தில் பொங்கும். ஒன்பது நாள் புளிக்காது. எங்கள் அம்மா முதல் பாக்கெட்டை வாங்கிய அன்று எனக்குப் போன் செய்து, "இத்தனை வருசமா விடிய விடியக் காத்திருந்தேனே, நான் என்ன முட்டாளா?" என்று கேட்டார். என் முதுகலை ஆய்வே அம்மாவின் மாவில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றியதுதான். அதை அம்மா மறந்துவிட்டார். நான் நினைவுபடுத்தவில்லை.

நம் ஊரில் மாவு தனியாக வாழ்வதில்லை. நேற்றைய மாவில் ஒரு கரண்டி இன்றைய மாவுக்குப் போகும். இல்லாதவர் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவார். பொங்குவின் நுண்ணுயிர் அந்தக் கரண்டியில் ஏறி ஊரைச் சுற்றியது. கையில் ஒட்டியது, கிரைண்டர் கல்லில் ஒட்டியது. எந்த மாவுக்குள் போனாலும் மூன்றே அரைப்பில் பழைய நுண்ணுயிர்களை வெளியே தள்ளியது. பொங்கு பாக்கெட்டைக் கையால் தொடாதவர் வீட்டிலும் பொங்குதான் பொங்கியது. யாரும் கவனிக்கவில்லை. இட்லி நன்றாக இருந்தது.

ஒரு வருடத்துக்கு முன் அவர்கள் நுண்ணுயிரைப் புதுப்பித்தார்கள். புது வகைக்குள் 'எண்ணி' என்று ஒரு கணக்குப் பொறி வைத்திருந்தார்கள். பழைய மாவிலிருந்து புது மாவுக்கு நாற்பது முறை போனால் அது காற்றை வெளியிடுவதை நிறுத்திவிடும். செத்துப் போகாது. வேலை செய்யாது, இடத்தையும் விடாது. (எங்கள் அலுவலகத்திலும் அப்படி இருவர் உண்டு.) மறுபடி வேலை செய்ய வைக்க 'பொங்கு சிட்டிகை' என்று ஒரு பொடி விற்றார்கள். அரைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொட்டலம் போட வேண்டும். பாக்கெட் வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் புதிது. தானே அரைக்கிறவருக்குத்தான், அதிலும் தினமும் அரைத்து விற்கிற மயிலாத்தாளுக்கு. அவர் கேட்காமலே அவர் அண்டாவுக்குள் வந்த ஒன்றுக்கு அவர் தினமும் பொடி வாங்கிப் போட வேண்டும், அல்லது கடையை மூட வேண்டும்.

"சார், எண்ணி வெச்சது தப்புதானே? நேரா அதைச் சொல்லிடலாமே?" என்று துணை இயக்குநர் ஆல்பர்ட் சாரிடம் கேட்டேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச வரும். அவருக்கு இடது காது கேட்காது. அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொள்வேன்.

"சொல்லலாம். ஆனா சட்டத்துல ஒரு வரிசை இருக்கு," என்றார். "மொதல்ல அவங்களுக்கு ஆதிக்கம் இருக்குன்னு காட்டணும். உங்க தெரு முனையில டீக்கடைக்காரர் இனிமே டீயோட பன்னும் வாங்கினாத்தான் டீன்னு சொன்னா, சரிதான் போய்யான்னு அடுத்த கடைக்குப் போவீங்க. அது அவர் இஷ்டம். ஊருக்கே அவர் ஒருத்தர்தான் டீ போடறார்னா? அப்பதான் அது நம்ம கவலை. பெரியவனா இருக்கறது குத்தமில்ல மிருதுளா. பெரியவனா இருந்துக்கிட்டு கதவைச் சாத்தறதுதான் குத்தம்."

"இவங்க பெரியவங்கதானே சார்?"

"பாக்கெட் விற்பனையில பதினொரு சதவீதம்."

"ஆனா சார், எல்லா அண்டாவுலயும் அவங்கதான் இருக்காங்க."

"அதை நீங்கதான் எண்ணிக் காட்டணும்."

ஆதிக்கம் என்ற சொல்லுக்கும் எனக்கும் எந்த உறவும் இருந்ததில்லை. பேருந்தில் என் இருக்கையில் யாராவது உட்கார்ந்துவிட்டால் நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். படிப்பில் மட்டும் அந்தச் சொல் எளிதாக இருந்தது. தட்டில் வளர்த்து, எண்ணி, எது அதிகமோ அதற்கு ஆதிக்கம் என்று எழுதுவோம். சட்டத்தில் எண்ணுவதற்கு முன்னால் எந்தத் தட்டு என்று சண்டை போடுவார்கள்.

"அவங்க வக்கீல் பத்மலோசனி மேடம் சந்தையை விரிக்கறாங்க," என்றார் ஆல்பர்ட் சார். "மாவுச் சந்தை இல்ல, காலை உணவுச் சந்தையாம். பிரெட், பொங்கல், உப்புமா எல்லாம் உள்ள வருமாம். அதுல பொங்கு ஒரு துளியாம்."

"உப்புமாவா சார்?"

"உப்புமாதான். அதுக்கு ஒரு சோதனை இருக்கு. இட்லி விலை அஞ்சு சதவீதம் ஏறினா மக்கள் உப்புமாவுக்கு மாறுவாங்களா? மாறுவாங்கன்னா ரெண்டும் ஒரே சந்தை. நானூறு வீடு போங்க. இதைக் கேளுங்க. அப்படியே வீட்டுக்கு ஒரு ஸ்பூன் மாவும் வாங்கிட்டு வாங்க."

நானூறு வீடு. நானூறு அழைப்பு மணி. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

முதல் வீட்டில் கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மாள் உள்ளே திரும்பி, "ஏனுங்க, இட்லிக்குப் பதிலா உப்புமா செஞ்சா நீங்க மாறுவீங்ளா?" என்று கத்தினார். உள்ளிருந்து ஓர் ஆண் குரல், "வீடே மாறிருவேன்," என்றது. படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. நான் நெடுநேரம் யோசித்து 'இல்லை' போட்டேன். இன்னொரு வீட்டில் ஓர் இளைஞர், தனக்கு உப்புமா பிடிக்கும் என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு, இது வெளியே தெரியுமா என்று கேட்டார். தகவல்கள் முத்திரையிட்ட உறையில் இருக்கும் என்றேன். கண்ணில் நீர் வராத குறைதான் அவருக்கு.

மாவு வாங்குவது அதைவிட எளிதாக இருந்தது. எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார்கள். ஒரு ஸ்பூன் கேட்டால் டம்ளரில் ஊற்றினார்கள். நான் குழாயில் எடுத்து, வீட்டு எண் எழுதி, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைப்பேன். ஒவ்வொரு குழாயோடும் ஒரு படிவம். அதன் கடைசி வரி சிறிய எழுத்தில்: 'மேற்கண்ட மாதிரி என்னால் நேரில் பெறப்பட்டது. தவறெனில் பணிநீக்கத்துக்கு உட்படுவேன்.' கீழே என் கையெழுத்து. நானூறு முறை போட்டதில் அது நன்றாகவே வந்தது.

எண்கள் குலுக்கல் முறையில் வந்தன. 212 கடைசி நாளில், கடைசி வீடாக வந்தது. ஒண்டிப்புதூர்ப் பக்கம், பச்சைக் கதவு. மணி அடிக்கத் தேவை இருக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வளைகாப்பு.

முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாங்க வாங்க. மாப்பிள்ளை வீட்டு வழிங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

இல்லை என்று சொல்வதற்கு ஒரு விளக்கம் தேவை. ஆம் என்பதற்குத் தலையை அசைத்தால் போதும். அசைத்தேன்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் நான் ஒரு கர்ப்பிணியின் கன்னத்தில் சந்தனம் பூசினேன், வளையல் போட்டேன். எனக்கும் ஆறு கண்ணாடி வளையல் போட்டார்கள். புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் சாப்பிட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன். பனிக்கட்டிப் பெட்டியை, நான் கொண்டுவந்த ஐஸ்கிரீம் என்று நினைத்து ஒரு பெண் உள்ளே எடுத்துப் போகப் பார்த்தாள். அதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் அலுவலகம் வந்தபோது கையில் ஒரு தாம்பூலப் பை இருந்தது. படிவங்களை ஒப்படைத்தபோது நானூறு குழாய்களும் இருந்தன. 212-உம் இருந்தது. இதற்கு மேல் இப்போது சொல்லப் போவதில்லை. என்னை நம்பலாம், முக்கால்வாசி.

ஆய்வகத்தின் ஆழ்குளிர்ப் பெட்டியில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு. அதில் என் முதுகலைக் காலத்துக் குழாய்கள்கூட இருந்தன. கல்லூரியில் இடம் இல்லை, நீயே எடுத்துக்கொண்டு போ என்று பேராசிரியர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் எடுத்துவந்தவை. லேபிளில் பெயர் எழுதுவேன், தேதி எழுத மறந்துவிடுவேன். அதற்காக அவர் என்னைத் திட்டாத நாள் இல்லை. இருந்தும் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அந்த வருடம் இரண்டு பேர்தான் தேர்வு எழுதினோம்.

பத்து நாளில் முடிவு வந்தது.

ஆல்பர்ட் சார் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது வீட்டில் பொங்கு. ஒரே ஒரு வீட்டில் பொங்குவின் சுவடே இல்லை. பழைய நுண்ணுயிர்கள், பதினான்கு வகை, ஒரு கூட்டுக் குடும்பம் போல உயிரோடு இருந்தன.

"இருநூத்திப் பன்னிரண்டு," என்றார். "இது எப்படி மிருதுளா? எந்த மாதிரி வீடு?"

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் புரிந்தது.

"வளைகாப்பு நடந்துது சார்," என்றேன். அது உண்மை. உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு வெட்கப்பட்டது அதுதான் முதல் முறை.

"இந்த ஒண்ணு போதும் அவங்களுக்கு," என்றார் சார்.

போதும்தான். அடுத்த விசாரணையில் பத்மலோசனி மேடம் சந்தை, உப்புமா எல்லாவற்றையும் கைவிட்டார். "நானூற்றில் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது என்பது ஆதிக்கம் அல்ல, விருப்பம்," என்றார். "ஆதிக்கம் என்றால் தப்பிக்க வழி இல்லாமல் இருக்க வேண்டும். அதே தண்ணீர், அதே காற்று, அதே ஊர். ஒரு குடும்பம் யாருடைய உதவியும் இல்லாமல் ஆறு வருடம் தன் மாவைக் காப்பாற்றியிருக்கிறது. அப்படியானால் கதவு திறந்திருக்கிறது. வெளியே போக யாருக்கும் மனமில்லை என்றால் அதற்கு என் கட்சிக்காரரா பொறுப்பு?"

மறுபடி அந்த வீட்டில் மாதிரி எடுக்கலாம் என்று ஆல்பர்ட் சார் சொன்னார். இப்போது ஊருக்கே விஷயம் தெரியும், யார் வேண்டுமானாலும் போய்க் கலப்படம் செய்யலாம், அன்று எடுத்ததுதான் செல்லும் என்றார் மேடம். நடுவர் குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை நானூறு வீட்டில் எந்த வீட்டையும் எவரும் அணுகக் கூடாது. அந்த உத்தரவை நான் மூன்று முறை படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஊர் தூங்கவில்லை. 212 யார் வீடு என்று தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். அந்த வீட்டம்மாள் இரும்புக் கரண்டி பயன்படுத்துவதால்தான் என்றார் ஒரு மருத்துவர். வடகிழக்கு மூலையில் கிரைண்டர் வைத்ததால்தான் என்றார் ஒரு வாஸ்து நிபுணர். ஒரே வாரத்தில் காந்திபுரத்தில் மட்டும் '212 அசல் மாவு' என்று பதினொரு கடை. ஒரு பாக்கெட் வாங்கிச் சோதித்தேன். பொங்கு.

சொல்லிவிடலாம் என்று தினமும் ஆல்பர்ட் சாரின் அறைக்குப் போனேன். அவருடைய இடது பக்கம் நின்று இரண்டு முறை சொல்லியும்விட்டேன். அவர் கோப்பிலிருந்து நிமிரவில்லை. மனசாட்சிக்குக் கணக்குக் காட்ட அது உதவியது.

மயிலாத்தாள் ஒருநாள் மதியம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் தூக்குப்போசி. கழுவித் துடைத்து, பளபளவென்று, காலியாக.

"அட்ரஸ் கேக்க வரல கண்ணு," என்றார். எப்போது அம்மணியிலிருந்து கண்ணுக்கு வந்தார் என்று தெரியவில்லை. "கோர்ட்டுல கூடாதுன்னுட்டாங்க, தெரியும். நீயே போயி ஒரு கரண்டி வாங்கீட்டு வா. உனக்குத்தான் வீடு தெரியுமே. ஒரு கரண்டி மாவு கேட்டு இல்லேன்னு சொல்ற வீடு நம்மூர்ல உண்டா?"

"விதி இருக்குங்க அக்கா."

"விதி என் தலையிலதான் இருக்குது." சிரித்தார். "கேளு. கேசு போயிரும்னு வக்கீலுங்க பேசிக்கறாங்க. போனா இந்த மாசத்தோட மூடீருவேன், கிரைண்டருக்கு ஆள் வந்து பாத்துட்டுப் போயாச்சு. அது கெடக்குது உடு. ஆனா எனக்கு ஒண்ணு புரியோணும். என் கைதான் கெட்டுப்போச்சோன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. நானும் அப்படித்தான் நெனைக்கறேன். ஒரு வீட்டம்மாவால முடிஞ்சுதே, என்னால ஏன் முடியல? அந்த மாவ என் கையில கரைச்சு ஒருக்கா பொங்கறதப் பாத்துட்டா போதும்."

பதினெட்டு வருடம் ஓர் ஊருக்கு இட்லி மாவு அரைத்தவர் தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

நான் என்ன சொன்னேன்? "காபி சாப்பிடறீங்களாக்கா?" என்றேன்.

"வேண்டாஞ் சாமி," என்று சொல்லிவிட்டுப் போசியை எடுத்துக்கொண்டு போனார்.

இறுதி விசாரணை ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு. என் வேலை திரையில் படம் மாற்றுவது. அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். இருட்டில் உட்காரலாம்.

மயிலாத்தாள் கடைசி வரிசையில் இருந்தார். மடியில் அந்தத் தூக்குப்போசி. தீர்ப்பு வந்துவிட்டால் அணுகக் கூடாது என்ற தடை நீங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தோற்ற கையோடு அந்த வீட்டுக்குப் போவதற்குத் தயாராக வந்திருந்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். "எண்ணி வைத்தது எங்களுக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வீடு மட்டும் இல்லாமல் இருந்தால், இவர்கள் ஆதிக்கத்தில் இருக்கிறார்கள் என்பதில் இந்தக் குழுவுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. எண்ணி இல்லாத நுண்ணுயிரை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்று இன்றைக்கே உத்தரவு போட்டிருப்போம். ஆனால் அந்த வீடு இருக்கிறது."

"ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி இருக்கிறது, ஐயா," என்று பத்மலோசனி மேடம் எழுந்தார். "மாதிரி எடுத்த அலுவலர் அதைச் சத்தியத்தில் உறுதி செய்ய வேண்டும். விலாசம் கேட்க மாட்டேன்."

விளக்குகளைப் போட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும்.

மேடம் அருகில் வந்தார். நரைத்த தலை, நல்ல சிரிப்பு. அம்மாவின் தோழிகளில் ஒருவர் போல இருந்தார். குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீங்கம்மா. ஒரு வார்த்தைதான்," என்றார். பிறகு உரக்க: "மாதிரி எண் 212-க்கான வீட்டுக்கு நீங்கள் நேரில் சென்றீர்களா?"

"சென்றேன்."

ஒலிவாங்கியைக் கை மாற்றியதில் கண்ணாடி வளையல் சத்தம் அறை முழுவதும் கேட்டது. மூன்று வளையல் இன்னும் மிச்சம் இருந்தன. கழற்ற முடியவில்லை. உடைக்க மனம் வரவில்லை.

"அந்த மாதிரி விதிப்படி பெறப்பட்டதா? ஆம் என்றால் போதும்."

ஆம் என்பதற்குத் தலையை அசைத்தால் போதும். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஆல்பர்ட் சார் கேட்கும் காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். மனதுக்குள் வாக்கியத்தை ஒரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது கடைசி வரிசையில் மயிலாத்தாள் போசியின் மூடியைத் திறந்து, உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று முந்தானையால் துடைப்பது தெரிந்தது.

மூன்றாவது முறைக்குக் காத்திருக்கவில்லை.

"இல்லைங்க," என்றேன்.

ஒலிவாங்கி அதைப் பெரிதாக்கியது. என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, கேள்வி புரிந்ததா?" என்றார் தலைவர்.

"புரிஞ்சுதுங்க. வீட்டுக்குப் போனேன். வளைகாப்புல சாப்பிட்டேன். மாவு கேக்க வெக்கமா இருந்துது, கேக்காமலே வந்துட்டேன். மறுபடி போகவும் வெக்கமா இருந்துது. ஒரு குழாய் குறைஞ்சுது. எல்லா வீடும் ஒண்ணுதானே, எங்க வீட்டு மாவையே வெச்சுடலாம்னு நெனைச்சேன். சோதனைக்குன்னு அதுக்கு முந்தின மாசம் எடுத்தது ஒண்ணு ஃப்ரீசர்ல இருந்துது. அதைத்தான் எடுக்கறேன்னு நெனைச்சேன். ரெண்டு குழாய்லயும் 'அம்மா'ன்னு மட்டும்தான் எழுதியிருந்துது. தேதி இல்லை."

யாரோ இருமினார்கள். பத்மலோசனி மேடம் நாற்காலியைத் தேடினார். ஆல்பர்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார். இனி நடுவர் குழுவைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன்.

"மயிலக்கா, உங்க கை கெட்டுப்போகலைக்கா. அந்த மாதிரி வீடு இந்த ஊர்லயே இல்லை. அது எங்க அம்மா மாவு. பொங்கு வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி நான் ஃப்ரீசர்ல வெச்சது."